மடிப்புக் கலையாத போர்வை

தெருவில் அவளுக்கு நாயம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவரும் கிடையாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் போர்வை மடிக்கிறவள். கட்டினவன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப்போன பிறகு தம்பி வீட்டுப் பின்னறையில் வந்து ஒண்டினாள். ஒண்டினவள் சும்மா இருந்தாளா? எங்கேயாவது ஒரு நாயை யாராவது இறக்கிவிட்டுப் போனால் போதும், இவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். சொறி பிடித்தது, கால் ஒடிந்தது, கிழடாகிவிட்டது என்று அடுத்தவர் கழித்துக்கட்டியதை எல்லாம் தூக்கிக்கொண்டு வருவாள். தேற்றி, ஒரு நல்ல வீடாகப் பார்த்து அனுப்பிவைப்பாள். இதுவரை நூற்றுப் பதினேழு.

பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கள்கூட அவ்வளவு குடைந்து விசாரிக்க மாட்டார்கள். மதில் எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார், ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள் என்று வந்தவரைப் பிழிந்து எடுத்துவிடுவாள். எல்லாம் சரியென்றால், சலவைக்கூடத்தில் கிழிந்ததென்று கழித்த போர்வை ஒன்றைக் கொதிநீரில் அலசி, எட்டாக மடித்து நாயோடு கொடுப்பாள். அதுதான் சீர்வரிசை.

அதற்கப்புறம் ஆறு வாரம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். பாசம் இல்லாமல் அல்ல. முதல்முதலில் அனுப்பிய நாயை ஒரே வாரத்தில் ஓடிப்போய்ப் பார்த்தாள். அவள் திரும்பி வந்ததும் அது சோற்றைத் தொடாமல் அந்த வீட்டு வாசலிலேயே கிடந்து, பத்தாம் நாள் செத்துப்போயிற்று. அன்றைக்கு வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதவள் இரண்டு சட்டம் போட்டாள். ஆறு வாரம் அவள் நாயின் கண்ணில் படக் கூடாது. தப்பித் தவறி நாய் தேடி வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது, பேர் சொல்லக் கூடாது. புது வீட்டுக்காரனுக்குப் போன் போட வேண்டும், அவன்தான் வந்து கூட்டிப்போக வேண்டும். இதைத் தம்பிக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிவைத்திருந்தாள்.

நூற்றுப் பதினேழாவதுதான் சாக்ஸ். உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை. பஸ் டிப்போவில் எவனோ அதை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போயிருந்தான். ஐந்து மாதமாக அது வருகிற பஸ் ஒவ்வொன்றின் படியையும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. நாயம்மா பதினாறு நாள் வேலை முடிந்ததும் டிப்போவுக்குப் போய், கேட் ஓரமாகச் சோறு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பதினேழாம் நாள்தான் அது அவள் மடியில் தலையை வைத்தது. அதை அனுப்புகிற அன்றைக்கு மட்டும் அவளுக்குக் கை வரவில்லை.

எடுத்துப்போனவன் பெயிண்ட் கடைக்காரன். நல்ல வீடு, சிரித்த முகம், கேட்டதற்கெல்லாம் பதில். கிளம்பும்போது அவனிடம் சொன்னாள்: "இந்தாப்பா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போட்டோ வரணும். வரலேன்னா உன் வாசல்ல வந்து நின்னு ஊரைக் கூட்டிடுவேன்."

"ஐயோ, உங்க வாய்க்கு யாரும்மா மாட்டுவா!" என்றான் அவன்.

போட்டோ தவறாமல் வந்தது. முதல் வாரம் சாக்ஸ் அவள் கொடுத்த போர்வையில் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் படுத்திருந்தான். மூன்றாவதில் நாக்கைத் தொங்கப்போட்டிருந்தான். நான்காவதில் முகம் மட்டும், கீழே கொஞ்சம் போர்வை. கூடவே, "சூப்பரா இருக்கான்மா" என்று ஒரு வரி. அவள் அதை வேலையிடத்தில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டாள்.

ஐந்தாம் சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நாலு படத்தையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பக்கத்தில் அப்போதுதான் மடித்த போர்வைக் கட்டு. கண் அதற்கும் போனுக்குமாக இரண்டு தடவை போய் வந்தது. மூன்றாம் தடவை அவள் சோற்றை மூடி வைத்துவிட்டாள்.

எட்டாக மடித்த மடிப்பு நாலு படத்திலும் வரி வரியாக நின்றது. ஒரு நாய் ஒரு ராத்திரி புரண்டு படுத்தால் அந்த வரி இருக்குமா? நாலு வாரம்! அடிப் பாவி, ஆயுசு முழுக்க இதே வேலை பார்க்கிறவளுக்குக் கண் எங்கே போயிற்று?

நேரே வீட்டுக்கு வந்தாள். தம்பி பெண்டாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாய் முடி, நாய் நாற்றம் என்று நாள் முழுக்க முணுமுணுக்கிறவள்தான். மடிப்பு விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஈரத்துணியைத் திரும்ப வாளியிலேயே போட்டாள்.

"அண்ணி... அது வந்துச்சு அண்ணி."

"எது?"

"சாக்ஸ். அவன் கூட்டிட்டுப் போன மூணாம் நாளே. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. கதவைப் பிறாண்டிச்சு. நீங்கதானே சொல்லியிருக்கீங்க, திறக்கக் கூடாதுன்னு? நான் கதவுக்குப் பின்னால வாயைப் பொத்திட்டு நின்னேன். அவனுக்குப் போன் பண்ணேன். 'கேட் திறந்திருந்துச்சுங்க, இதோ வந்து கூட்டிட்டுப் போறேன்'னான். சாயங்காலம் எட்டிப் பாத்தா அதைக் காணோம். அந்த ஞாயித்துக்கிழமையே போட்டோ வந்துச்சா, கூட்டிட்டுப் போயிட்டான்னு..."

"என்கிட்ட ஏண்டி சொல்லலே?"

"சொன்னா நீங்க தூங்குவீங்களா அண்ணி?" என்று அவள் ஓவென்று அழுதாள். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உங்க பேச்சைக் கேட்டேன்!"

நாயம்மா அவளை என்னவென்று திட்டுவாள்? போட்ட சட்டம் யாருடையது? போட்டோ வராவிட்டால் ஊரைக் கூட்டுவேன் என்று அவனை மிரட்டியதுதான் யார்? அவன் வருவதற்குள் நாய் கிளம்பியிருக்கும்; பயந்த பயலாக முதல் நாள் எடுத்த படங்களை வாரத்துக்கு ஒன்றாகத் தள்ளியிருக்கிறான். சாக்ஸ் எங்கே போயிருக்கும் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு விடிந்ததும் இரண்டு பேருமாக டிப்போவுக்குப் போனார்கள். காவலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"வந்துட்டான்மா. மூணு வாரம் இங்கதான் இருந்தான். ஆனா இந்தத் தடவை எந்த பஸ்ஸையும் பாக்கலே. நீங்க சோறு கொண்டு வருவீங்களே, அந்த கேட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தான். உங்க நம்பர் என்கிட்ட இல்லையேம்மா. போன வாரம் ஒரு பஸ் பின்னால எடுத்தாங்க. நாங்க கத்தறோம், அவன் திரும்பவே இல்லே. நான்தான் அந்த மதிலோரமா புதைச்சேன்."

நாயம்மா அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். "ஐயோ, என் ராஜா" என்று ஒரு தடவை சொன்னாள். வெயில் ஏறுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. தம்பி பெண்டாட்டி பக்கத்தில் நின்று முந்தானையால் அவளுக்கு நிழல் பிடித்தாள்.

சாயங்காலம், வழக்கமான நேரத்துக்குப் போன் சிணுங்கியது. சாக்ஸ் வெள்ளைக் காலை நீட்டிப் படுத்திருந்தான். கீழே போர்வை, அதே வரிகள். "நல்லா சாப்பிடறான்மா."

"குடுங்க அண்ணி, நான் கேக்கறேன் அவனை!" என்று தம்பி பெண்டாட்டி பாய்ந்தாள். நாயம்மா அவள் கையை விலக்கிவிட்டுத் தானே போன் போட்டாள்.

"சொல்லுங்கம்மா, போட்டோ பாத்தீங்களா?"

"பாத்தேன். அவன் எங்கப்பா?"

"இதோ, இங்கதாம்மா இருக்கான்."

"ஒரு தடவை கூப்பிடு. குரலைக் கேக்கணும் போல இருக்கு."

அவன் நிஜமாகவே கூப்பிட்டான். "சாக்ஸ்! டேய் சாக்ஸ்!" என்று இரண்டு தடவை, நாய் எதிரே நிற்பது போல. பிறகு, "தூங்கறான் போல இருக்கும்மா" என்றான்.

"ஆமாம்ப்பா, தூங்கறான்," என்றாள் நாயம்மா. "பாத்துட்டுத்தான் வரேன்."