தேயிலைப் பெட்டிச் சிங்காசனம்

கேமரன் மலையில் கோடை கிடையாது. மழை, மூடுபனி, இரண்டுக்கும் நடுவில் சளி. ஆனால் பள்ளிக்கூட லீவு மட்டும் ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்திலும் தவறாமல் வந்தது. லீவு விட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு நாடகப் பைத்தியம் பிடித்துவிடும். பள்ளிக்கூடத்தில் அப்போது படிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. காலையில் எல்லோரும் வரிசையாக நின்று ஜப்பான் சக்ரவர்த்தியை வாழ்த்திப் பாட வேண்டும். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. பாடும்போது மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையக் கூடாது, அசைந்தால் அறை விழும். இதுதான் பாடம். மிச்ச அறிவெல்லாம் நாடகத்துக்குத்தான் போனது.

அம்மாவுக்கு நாடகம் என்றாலே ஆகாது. "கூத்தாடிப் பயலுங்களா" என்று விளக்குமாற்றோடு வருவார். அப்படிப்பட்டவர் அந்த லீவில் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, "மழையில எங்க போயி ஆடுவீங்க? வீட்டுக்குள்ளயே ஆடுங்க" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதோடு விட்டாரா? திரைக்குத் தன் சேலையைக் கொடுத்தார். ஆளாளுக்குக் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. சேலையைக் கொடுப்பதும் சொத்தை எழுதிக் கொடுப்பதும் ஒன்றுதான். தேயிலைப் பெட்டி ஒன்றைச் சுவரோரம் அவரே தள்ளி வைத்தார்.

"ராஜா இதுலதான் குந்தணும். பொட்டிய யாரும் நவுத்தக் கூடாது. தம்பிதான் ராஜா."

நாடகத்தை எழுதுபவள், நடத்துபவள், மந்திரி எல்லாம் என் அக்காதான். அவளுக்கு வந்ததே கோபம். "இவனுக்கு வசனமே வராதும்மா!"

"வரலன்னா போவுது. குந்த வரும்ல?"

முகத்தில் ராஜகளை இருப்பதால்தான் அம்மா என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் நம்பினேன். பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாள் கிழிசலில் மகுடம் செய்து, கரியில் மீசை வரைந்து, பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். வசனம் கிடையாது. மந்திரி பேசுவாள், பக்கத்து வீட்டுப் பையன் திருடனாக வந்து அழுவான், நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான் ஆட்சி.

வேலை இல்லாத ராஜாவுக்கு யோசனை மட்டும் நிறைய வரும். குதிகாலால் பெட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். காலிப் பெட்டி 'டம் டம்' என்றல்லவா ஒலிக்க வேண்டும்? இது 'தொம்' என்றது. மறுபடி தட்டினேன். தொம். அம்மா திடீரென்று நாடக ரசிகையானது, சேலை, நகரக் கூடாத பெட்டி எல்லாம் சேர்ந்து மண்டைக்குள் குடைந்தன. ஒத்திகை முடிந்து எல்லோரும் போனதும் மூடியின் இடுக்கில் விரலை விட்டேன். விரல் நுனியில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டு வந்தது.

அரிசி! மாதக்கணக்கில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறொன்றும் பார்க்காத கண்ணுக்கு அது முத்து. ஒன்றை வாயில் போடப் போனபோது பின்னந்தலையில் அடி விழுந்தது.

"பாத்துட்டியா?" என்றார் அம்மா. பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். அப்பா திரிங்காப் பக்கம் ஒரு சீனத் தோட்டக்காரரிடம் தேயிலைத் தூளைக் கொடுத்து மாற்றி வந்த அரிசியாம். "ஜப்பான்காரன் கண்ணுல பட்டுச்சுன்னா அப்பாவ லாரியில ஏத்தி சயாம் காட்டுக்கு ரயிலு பாதை போட அனுப்பிடுவான். போனவங்க யாரும் திரும்பி வந்தாங்களா? யாரு வந்தாலும் பொட்டிய வுட்டு எந்திரிக்காத."

தெரியாதவரை நான் நல்ல ராஜா. தெரிந்த பிறகு உட்காரக்கூட வரவில்லை. நாய் குரைத்தால் வியர்த்தது. அந்த மலைக் குளிரில் வியர்த்த ஒரே மன்னன் நானாகத்தான் இருப்பேன்.

நாடகத்தன்றே வந்தார்கள். கீழே ரோட்டில் லாரி நின்றது. வீடு வீடாகப் பதுக்கல் தேடிக்கொண்டு வந்த சிப்பாய் ஒருவன், வழிகாட்ட வந்த தோட்டத்துக் கணக்கர் கிராணியோடு எங்கள் வாசலில் நின்றான். எல்லோரும் எழுந்து குனிந்து வணங்கினார்கள். அதுதான் சட்டம். எழுந்தால் அம்மா கொல்வார், எழாவிட்டால் அவன் கொல்வான். நான் உட்கார்ந்தபடியே மூக்கு முட்டியில் இடிக்கும்வரை குனிந்தேன். மகுடம் கழன்று உருண்டு அவன் பூட்ஸில் போய் நின்றது.

"நாடகம்லா, சின்னப் பிள்ளைங்க" என்று கிராணி கையைக் காலை ஆட்டி விளக்கினார். சிப்பாய் மகுடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் தொப்பிமேல் மாட்டிக்கொண்டான். என் காதைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சிங்காசனத்தில் உட்கார்ந்து, 'நடக்கட்டும்' என்று கை காட்டினான்.

அக்காவுக்குப் பெட்டி ரகசியம் தெரியாது. அவளுக்கு நாடகம் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். புது ராஜாவைக் கும்பிட்டாள். "மன்னா! களவு போன பொருள் எங்கே இருக்கிறதென்று இன்றே கண்டுபிடித்தாக வேண்டும்!"

சிப்பாய் சந்தோஷமாகக் குதிகாலால் பெட்டியைத் தட்டினான். தொம். புருவம் சுருங்கியது. மறுபடி தட்டினான். தொம். குனிந்து மூடியின் இடுக்கில் விரலை வைத்தான். அம்மாவின் முகம் சாம்பலாகிவிட்டது. என் கண்ணுக்குள் அப்பா லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்.

அப்போது என் வாய் தானாகத் திறந்தது. அதற்குள்ளிருந்து பள்ளிக்கூடத்துச் சக்ரவர்த்தி வாழ்த்து வந்தது. வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயத்தில் சிலருக்கு வாந்தி வரும், எனக்குப் பாட்டு வந்தது.

சிப்பாய் சூடு பட்டதுபோலத் துள்ளி எழுந்து விறைத்து நின்றான். தலையில் ஈயத்தாள் மகுடம் மின்னியது. கிராணியும் விறைத்தார். பாட்டு குட்டைப் பாட்டு, முடிந்துவிட்டது. நிறுத்தினால் குனிவானே! மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம்தானே, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். திருடன் வேஷக்காரன்தான் உச்சக் குரல். அம்மா பாட்டுத் தெரியாமல் கிழங்கு மெல்லுவதுபோல வாயை அசைத்தார். முடிந்தது, மறுபடி எடுத்தேன். தொண்டை கிழிந்தது, மறுபடி எடுத்தேன்.

ரோட்டில் லாரி ஹாரன் அலறியது. அவன் விருட்டென்று ஒரு சல்யூட் வைத்துவிட்டு, தப்பித்தோம் என்ற முகத்தோடு ஓடினான். மகுடமும் அவனோடு போனது. அதை எந்த ஊரில் யார் கழற்றினார்களோ, இன்றைக்கும் யோசிப்பேன்.

நான் பெட்டிமேல் விழுந்து அதைக் கட்டிக்கொண்டேன். அக்கா இடுப்பில் கை வைத்து வந்து நின்றாள். "ராஜாவுக்கு வசனமே கெடையாதுன்னு சொன்னேன்ல? யாரு உன்னப் பாடச் சொன்னா?"

கிழங்கு நட்டுவிட்டுச் சாயங்காலம் வந்த அப்பா, இருட்டில் எங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தார். என் கிண்ணத்தில் பருக்கை கொஞ்சம் அதிகமாகக் கிடந்தது.

"நாளைக்கும் நாடகம் உண்டு" என்றார் அம்மா.

மறுநாளும் இருந்தது, அதற்கடுத்த நாளும் இருந்தது. பெட்டியைத் தட்டினால் 'டம்' என்று கேட்ட அன்று சேலையை உருவி மடித்துக்கொண்டு, "போதும், கூத்தாடிப் பயலுங்களா" என்றார்.