ஒரே குடும்பத்துக்கு மூன்று வீடு

மீராலெப்பை ஆதம்பாவா என்னும் நாமமுடையவனும், அகவை எழுபத்திரண்டு நிறைந்து எழுபத்து மூன்றில் காலடி வைத்தவனுமாகிய நான், கல்முனையில் வீடற்ற குடும்பங்களுக்கு இருப்பிடம் அளிக்கும் சபையொன்றின் செயலாளர் ஆவேன். வீடில்லாதவருக்கு வீடு கொடுப்பது எளிது. கொடுத்த வீட்டில் அவரை இருக்கச் செய்வதே கடினம் என்பது இத்தொழிலின் முதற் பாடம். பொதுப்பணி என்று சொல்லி மாட்டிக்கொண்ட சகோதரர்களே, நீங்களாவது என் துயரத்தை அறிவீர்கள்.

முதல் வீடு

சபை தொடங்கிய நாளில் எமக்கிருந்த ஒரே சொத்து, மாவடிப்பள்ளிப் பக்கத்தில் எவரும் பயன்படுத்தாத ஒரு நெற்களஞ்சியம். அதில் முதன்முதலாக வந்து தங்கியவர்கள், கடலரிப்பில் வீட்டை இழந்த மீன் வியாபாரி சின்னலெப்பையும், அவர் மனைவி ஹலீமாவும், அவர்களுடைய மூன்று பெண்மக்களும். அவர்களுக்கு ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் கொண்ட சிறு வீடொன்று கட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்து, அன்சார் என்னும் இளம் மேசனை அமர்த்தினோம்.

சுவர் எழுந்து, பூச்சு வேலை வந்தபோது சீமெந்து குறைந்துவிட்டது. கலவையில் மணலைச் சற்றே தாராளமாகச் சேர்க்குமாறு நானே மேசனுக்கு ஆலோசனை வழங்கினேன். அன்சார் ஒரு பிடி கலவையை அள்ளினார். அது விரலிடுக்கு வழியாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “செக்கட்டரி மாமா, இது பூச்சா, கடற்கரையா?”

முடியாத சுவர்

பத்து நாளில் முடியவேண்டிய பூச்சு ஒரு மாதமாகியும் முடியவில்லை. காரணம் அறியும் பொருட்டு முன்னறிவித்தலின்றி ஒரு நண்பகலில் சென்றேன். அன்சார் கரண்டியைத் தூர வைத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையின் முன் அமர்ந்திருந்தார். ஹலீமா சோற்றின்மேல் அகப்பை நிறையப் புளிக் குழம்பான புளியாணம் ஊற்றிக்கொண்டிருந்தார். “போதுமா மகன்?” என்றார் அவர். “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சாச்சி” என்றார் இவர். நான் மிகுந்த கண்டிப்புடன், குசினிச் சுவர் ஏன் இன்னும் நிர்வாணமாக நிற்கிறது என்று வினவினேன். புளியாணம் மணத்தது, எனக்கும் ஒரு கோப்பை வந்தது, கண்டிப்பு தளர்ந்தது. அன்சார் விரலைச் சூப்பியபடி உண்மையை ஒப்புக்கொண்டார்: “வேல முடிஞ்சா சோறும் முடிஞ்சிடும் மாமா, ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் பூசுவன்.”

திரும்பி வந்த சட்டிபானைகள்

வீடு கையளித்து ஆறு மாதம் கழிந்திருக்கும். ஒரு காலையில் களஞ்சியத்தைத் திறக்கச் சென்றேன். வாசலில் சட்டிபானை, பாய், தலையணை, ஒரு கோழி; நடுவில் சின்னலெப்பை குடும்பம்!

நம் பகுதியின் வழக்கம் நீங்கள் அறியாததன்று. பெண்ணுக்கு வீடு இல்லையேல் மாப்பிள்ளை இல்லை. மூத்தவள் ஜெஸ்மினுக்கு முந்திய வாரம் நிக்காஹ் நிறைவேறியது. அவ்விருந்தில் பலர் கூடி உண்ணும் சஹன் தட்டில் கைவைத்து முதல் ஆளாக உண்டவன் நான். எந்த வீட்டைச் சீதனமாகக் கொடுத்தார்கள் என்று அப்போது சிந்தித்தேனில்லை. சின்னலெப்பை எழுந்து, எனக்கு நற்செய்தி சொல்பவர் போலக் கையைப் பற்றிக்கொண்டார்: “வீட்ட மகளுக்குக் குடுத்திட்டம் காக்கா, திரும்பவும் வீடில்லாத ஆக்கள் நாங்கதான், உங்கட சபைக்கு வேல வந்திரிக்கி!”

சபையின் வளர்ச்சி

இரண்டாவது வீடு கட்டினோம். அது இரண்டாமவள் பரீதாவுக்குப் போயிற்று. மூன்றாவதும் கட்டினோம். அதே மேசன், அதே புளியாணம், அதே கலவை. “ஒரு குடும்பத்தில் ஆரம்பித்த எமது பணி இன்று மூன்று குடும்பங்களாகப் பல்கிப் பெருகியுள்ளது” என்று ஆண்டறிக்கையில் எழுதினேன். ஓர் எழுத்தும் பொய்யில்லை.

அறிக்கையை வாசித்து உள்ளம் பூரித்த மருதமுனைப் புடவை வியாபாரி ஹாஜியார் ஒருவர், பயன்பெற்ற குடும்பங்களை நேரில் காண வந்தார். மூன்று குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தினோம். ஹாஜியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜெஸ்மினைப் பார்த்தார், பரீதாவைப் பார்த்தார், சின்னலெப்பையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்: “என்ன செக்கட்டரி, மூணு குடும்பத்துக்கும் ஒரே மூக்கு இரிக்கி?”

நிபந்தனை

அன்றைக்கே அவசரக் கூட்டம் கூட்டி, மூன்றாவது வீட்டைச் சீதனமாகக் கொடுக்கலாகாது என்று தீர்மானம் நிறைவேற்றினோம். இனி நான்காவது வீடு இல்லை. களஞ்சியத்திலும் வேறு குடும்பங்கள் நிறைந்துவிட்டன.

தீர்மானத்தின் பலனை இளையவள் நஸ்ரின் அனுபவித்தாள். பெண் பார்க்க வந்த மூன்று கூட்டத்தாரும் வட்டிலப்பத்தைத் தின்று, வீடு எழுதித் தர இயலாது என்றதும் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிபந்தனையை எழுதிய கை என்னுடையதாகையால் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அந்த ஒரு வரியை வெட்டிவிடட்டுமா என்று கேட்கப் பேனாவுடன் சென்றேன். நஸ்ரின் மீன் கழுவியபடி, தலை நிமிராமல் சொன்னாள்: “வெட்ட வேணாம் மாமா, வாப்பாவும் உம்மாவும் தெருவில நிக்க எனக்கொரு மாப்பிள வேணாம்.”

தீர்வு

அடுத்த கூட்டத்துக்கு அன்சார் சவரம் செய்து, புதுச் சாரன் உடுத்து வந்தார். நெடுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, “ஹலீமா மாமிட இளைய மகள நான் கலியாணம் முடிக்கிறன்” என்றார். மூன்று வீடு கட்டி முடியும்வரை ‘சாச்சி’யாக, அதாவது சின்னம்மாவாக, இருந்தவர் திடீரென்று ‘மாமி’யானதை அனைவரும் கவனித்தோம். இருப்பினும், செயலாளர் என்ற முறையில் நான் எழுந்து நின்று எச்சரித்தேன்: “தம்பி, சபைத் தீர்மானத்தின்படி அந்த வீட்டை உமக்கு எழுதித் தர இயலாது.”

அன்சார் சிரித்த சிரிப்பில் தலைவரின் தேநீர் சிந்தியது. “அந்த வீட்ட ஆர் மாமா கேட்ட? பூசினவன் நான்தானே, அந்தக் கலவை எனக்குத் தெரியாதா? வீடு மாமிட பேரிலயே இரிக்கட்டும், ஒரு அற கூட்டிக் கட்டி நானும் அங்கேயே இரிக்கன், புளியாணம் கிடைச்சாப் போதும்!”

மூன்று வீடும் ஒரு தீர்மானமும் செய்யமுடியாத காரியத்தை, அதாவது ஒரு குடும்பத்தை ஒரே கூரையின்கீழ் நிலையாக இருத்துவதை, எனது மட்டமான கலவை செய்துமுடித்த நாள், ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து வந்த முதல் வியாழக்கிழமை, அசர்த் தொழுகைக்குச் சற்றுப் பின்னராகும்.