ஒரு கிளிப்பால் நின்ற விமானம்

கனடாவில் இருக்கும் தம்பிக்குப் போன ஆவணியில் சென்னையில் கல்யாணம். தாலிக்குப் பொன்னுருக்கல் யாழ்ப்பாணம் இணுவிலில் எங்கள் வீட்டில் நடந்தது. செய்து முடித்த தாலிக்கொடியோடு, முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் நானும் அக்காவின் கணவரும் பலாலியிலிருந்து புறப்பட்டோம். முதல் நாளுக்கு டிக்கெட் போட்டது யாருடைய மூளை என்று மட்டும் கேட்காதீர்கள்.

இணுவிலிலிருந்து விமான நிலையம் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீற்றர். ஓட்டோவுக்கு 1,800 ரூபா. எங்களுடையது விசிறி சுற்றும் சிறிய விமானம், பயணம் ஒன்றேகால் மணி நேரம்.

என் இருக்கைக்கு முன்னால் இருந்த மடிப்புச் சாப்பாட்டுத் தட்டை ஒட்டுநாடாவால் ஒட்டி, 'பாவிக்க வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அத்தானுக்குக் கை துருதுருத்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி யுத்த காலத்தைக் கடந்த மனிதர். பழுதான சாமானைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"பிள்ளை, உன்ரை தலையிலை இருக்கிற கிளிப்பைத் தா."

கொடுத்துத் தொலைத்தேன். ஒட்டுநாடாவை உரித்துக் கிளிப்பை வளைத்துச் செருகினார். தட்டு அழகாகத் திறந்து மூடியது. "உதுக்கே இவ்வளவு ஒட்டு ஒட்டினவங்கள்?" என்றார்.

பணிப்பெண் கண்டுவிட்டார். மூடிய விமானக் கதவு திரும்பத் திறந்தது. பொறியியலாளர் ஏறி வந்தார், சென்னைக்காரர்.

"தட்டு பழுதுன்னு எழுதி, அப்புறமா மாத்திக்கலாம்னுதான் சார் பறக்கிறோம். இப்போ இது பழுதா, சரியா? நான் என்னன்னு எழுதுறது?"

"சரியாத்தானே இருக்கு, தம்பி."

அவர் கிளிப்பைக் கழற்றிவிட்டுத் தட்டைப் பழையபடி ஒட்டினார். பழுதாக இருந்தால் பறக்கலாமாம், திருத்தினால் பறக்கக் கூடாதாம். எனக்குத் தலை சுற்றியது.

"வேற எதையாவது தொட்டீங்களா? இல்லைன்னா உடனே கிளம்பலாம். லேட்டானா பைலட்டோட டியூட்டி நேரம் முடிஞ்சிடும், நாளைக்குத்தான் போக முடியும்."

விடிந்தால் முகூர்த்தம், கொடியோ அத்தானின் மடியில். 'இல்லை' என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"ஓம்," என்றார் அத்தான். "கதிரைக் கைக்குக் கீழை ஒரு திருகாணி ஆடினது. இரண்டு ரூபாக் குத்திக்காசாலை இறுக்கினனான்."

அவரைக் கிள்ள வேண்டும் போலிருந்தது. பொறியியலாளர் ரோர்ச் லைட்டோடு குனிந்தார். பின்னால் முணுமுணுப்பு. முக்கால் மணி நேரம் நான் எங்கள் ஊர்க் கோயில் கந்தசுவாமியாரைத் தவிர வேறு ஒருவரையும் நினைக்கவில்லை. அவர் அந்த ஆணியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட, பைலட்டின் நேரம் முடியுமுன் ஒருவழியாகப் பறந்தோம், தம்பியும் நேரத்துக்குத் தாலி கட்டினான்.

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இரண்டு நாளாவது முந்திப் போங்கள். நகையைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். விமானத்தில் எது உடைந்திருந்தாலும் கை வைக்காமல் பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள்.

அத்தான் செய்தது பிழையா சரியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் இப்போது விமானத்தில் ஏறி உட்காரும்போதெல்லாம், எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்தவர் எதிலாவது கை வைத்திருந்தால், கேட்டபோது 'ஓம்' என்று சொன்னவராக இருக்க வேண்டுமே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.