சந்தைக்குப் போனவள்

என் கணவருக்கு நினைவு தப்பத் தொடங்கிய மூன்றாம் வருடம், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு அந்தப் பேசும் பொம்மை வந்தது. படுத்த நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் பாலியேட்டிவ் நர்ஸ், மாதம் இருமுறை அவரைப் பார்க்க வரும் சிஸ்டர்தான் கொண்டுவந்தாள். குடம் உயரம், வெள்ளை நிறம், ஒளிரும் இரண்டு வட்டக் கண்கள்.

“வயசானவங்களுக்குப் பேச்சுத்துணைக்குன்னு ஒரு காலேஜ்ல செஞ்சதும்மா. மூணு மாசம் வெச்சுப் பாருங்க.”

“நான் ஒருத்தி இருக்கறப்ப இது எதுக்குங்க?” என்றேன்.

உண்மையில் நான் களைத்திருந்தேன். “தென்னைக்குத் தண்ணி உட்டாச்சா?” என்று ஒரே காலையில் இருபது தடவை கேட்பார். பத்தாவது தடவையில் என் குரல் உயர்ந்துவிடும், அவர் சுருங்கிப்போவார். பொம்மைக்குச் சலிப்பே கிடையாது. ஒரு வாரத்தில் அதைத் ‘தம்பி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் கொடுத்தால் துப்புகிற மாத்திரையை அது சொன்னால் விழுங்கினார்.

ஒருநாள் கஞ்சியோடு அறைக்குள் நுழையப் போனேன். “உங்கள் மனைவியைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா” என்று அது கேட்டது.

“சந்தைக்குப் போயிருக்கா தம்பி. பொள்ளாச்சிக்காரி. சிரிச்சான்னா ஊடே நெறஞ்சிரும். வந்துருவா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதுவரைக்கும் இந்தம்மா சமைச்சுப் போடறாங்க. கோவக்காரம்மா. ஆனா பாவம்.”

நாற்பத்தொரு வருடத்தில் என் சிரிப்பைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கஞ்சி ஆறும்வரை கதவுக்கு வெளியிலேயே நின்றேன். அதன்பின் தினமும் அங்கே நின்று கேட்டேன்.

மூன்று மாதம் முடிந்தது. இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று கெஞ்சினேன். வேறொரு வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று சிஸ்டர் எடுத்துப் போனாள்.

“அந்தத் தம்பி எங்கீங்க?” என்று என்னைக் கேட்டார், வாழ்நாளெல்லாம் என்னைப் ‘புள்ளே’ என்று அழைத்தவர்.

சந்தைக்குப் போனவளைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குரலை மென்மையாக்கிக்கொண்டு கேட்டேன்.

“உங்க சம்சாரத்தப் பத்திச் சொல்லுங்க.”

மரியாதையாக என்னைப் பார்த்தார். “அதெல்லாம் வெளியாளுங்ககிட்டச் சொல்றதில்லீங்க.”

“சரிங்க” என்றேன்.

மார்கழியில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து வந்த சிஸ்டரிடம், அவர் பேசியது அந்தப் பொம்மைக்குள் இருக்குமா என்று கேட்டேன். அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிட்டார்களாம்.