மாத்தாள் வரும்வரை

நான் பேயை நம்புகிறவன் இல்லை. இதை எழுதி முடித்த பிறகும் நம்பப் போவதில்லை. இல்லாத குரலைக் கேட்கிறவர்களை எதிரே உட்காரவைத்து, அது இல்லாத குரல்தான் என்று எழுதிக் கொடுப்பது எனக்குக் கற்றுக்கொடுத்த வேலை. எது பிரமை, எது பிரமை இல்லை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கீழ்க்கட்டளைக் கல்குட்டையில் நான் கேட்டது பிரமை இல்லை. அவ்வளவுதான்.

1991. இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனநல மையம். மருத்துவ உளவியலில் டாக்டர் பட்டத்துக்காக அங்கே பயிற்சியில் இருந்தேன். விபத்தில் செத்தவர்களின் குடும்பத்தார் துக்கத்தை எப்படித் தாங்குகிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. தலைப்பைத் தேட நான் எங்கும் போகவில்லை. என் அப்பா பல்லாவரம் மலையில் சம்மட்டி அடித்தவர். கல்மாவு நெஞ்சில் அடைத்து நாற்பத்திரண்டு வயதில் செத்தார். அம்மா அடுத்த வாரமே ஜல்லி உடைக்கப் போனாள். அவள் துக்கத்தை யாரும் ஆராயவில்லை.

என் வழிகாட்டி டாக்டர் ஐசக். எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். மெதுவாகப் பேசுகிறவர்கள் செய்கிற அநியாயம் சத்தமில்லாமல் நடந்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஜூலை மாதம் காந்திமதியைக் கொண்டுவந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. கல் உடைக்கிறவள். மாஜிஸ்திரேட் உத்தரவோடு வந்தாள். பத்து நாள் வைத்துப் பார்த்து, புத்தி சரியாக இருக்கிறதா என்று எழுதித் தர வேண்டும். சரி என்று எழுதினால் வீட்டுக்குப் போவாள். இல்லையென்றால் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காப்பகம். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஐந்து வயதுப் பெண் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

புகார் கொடுத்தவர் குவாரி காண்ட்ராக்டர் கிட்டு. 1989 நவம்பரில் அவருடைய குவாரியில் பாறை சரிந்து, ஊற்று உடைந்து, ஒரே நாளில் பள்ளம் முழுக்கத் தண்ணீர் நிறைந்தது. குப்புராஜ், தனசிங் என்று இரண்டு பிணங்கள் மிதந்தன. இரண்டே பேர்தான் வேலையில் இருந்தார்கள் என்றார் கிட்டு. காந்திமதி, மூன்றாவதாகத் தன் புருஷன் மாரியும் அடியில் இருக்கிறான் என்றாள். மாரி எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்றார் கிட்டு. இப்போது குட்டையை மண் போட்டு மூடி மனையாக விற்க லாரிகள் வந்தன. அவள் லாரிக்கு முன்னால் படுத்தாள். தினமும் பொழுது சாயும்போது குட்டைக்குப் போய்த் தண்ணீரோடு பேசினாள். பைத்தியம் என்று சொல்ல அது போதுமே.

முதல் நாள் மைக்கறைப் படங்களைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"மை கொட்டினது தெரியுது. இதுக்கா சார் இம்மாம் படிச்சீங்க?"

அட்டைகளை எடுத்து வைத்துவிட்டேன்.

"அக்கா, சத்தம் கேக்குதுன்றாங்களே, காதுக்குள்ளயா, வெளியவா?"

"இன்னா கேள்வி இது. கல்லு அடிக்கிற சத்தம் காதுக்குள்ளயா கேக்கும்? குட்டையில கேக்குது."

"என்ன சத்தம்?"

"வெடிக்குழி போட்றாங்க. அவுரு கம்பி புடிக்கிறாரு. மாத்தாள் கேக்குறாரு. நான் போயி, வராங்க, வராங்கன்னு சொல்லிட்டு வருவேன். போலீசு புடிச்சதுலேர்ந்து ஒம்போது நாளா போவல. அவுரு கைய வுட்டுட்டா இன்னா சார் பண்றது?"

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாறையில் வெடி வைக்கக் குழி போட மூன்று ஆள் வேண்டும். ஒருவன் குந்திக்கொண்டு இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் செங்குத்தாகப் பிடிப்பான். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிச் சம்மட்டி அடிப்பார்கள். அடிக்கு அடி அவன் கம்பியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பி சாய்ந்தால் சம்மட்டி மண்டையில் விழும். அதனால் கம்பி பிடிக்கிறவன் மாற்றாள் வந்து பிடிக்கும்வரை கையை விடக்கூடாது. கை மரத்துப்போனாலும் விடக்கூடாது.

குப்புராஜும் தனசிங்கும் சம்மட்டி ஆட்கள். அது கிட்டுவே ஒப்புக்கொண்டது. அப்படியானால் கம்பியை யார் பிடித்தார்கள்? இதைப் போலீசு கேட்கவில்லை. மாஜிஸ்திரேட் கேட்கவில்லை.

நோயாளி சொல்வதை நேரில் போய்ச் சரிபார்ப்பது பயிற்சியில் ஒரு பாடம். யாரும் போவதில்லை. டீக்கடையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் போனேன்.

வெள்ளிக்கிழமை. பல்லாவரத்தில் சந்தை நாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கீழ்க்கட்டளை போய்ச் சேரும்போது மாலை 5.50. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மூன்று பக்கம் செங்குத்தான பாறை. ஒரு பக்கம் லாரி இறங்கிய சரிவு. நடுவில் கறுப்புத் தண்ணீர். சரிவில் ஒரு மண் லாரி நின்றிருந்தது. ஆள் இல்லை.

ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. தண்ணீரில் அலையே இல்லை.

தவளை கத்தவில்லை. கொசு கடிக்கவில்லை. அந்த நேரத்தில் குட்டைக்கரையில் கொசு கடிக்காமல் இருக்குமா என்று அப்புறம்தான் யோசித்தேன்.

6.12.

டங்...

மெலிதாகத்தான் கேட்டது. தூரத்தில் வேறு குவாரியாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மேல் எந்தக் குவாரியில் வேலை நடக்கும்? எல்லாரும் சந்தையில் இருப்பார்கள்.

டங்... டங்...

சோதனைக்கு வைத்திருந்த ஸ்டாப் வாட்ச் பையில் இருந்தது. அமுக்கினேன். இரண்டு அடி. ஒரு சின்ன இடைவெளி. மறுபடி இரண்டு அடி. கொஞ்சமும் பிசகவில்லை.

இடைவெளியில் ஓர் உரசல் சத்தம். க்ர்ர்...

கம்பியைத் திருப்புகிற சத்தம். தொட்டிலில் கிடந்து கேட்ட சத்தம். எனக்கு அது தெரியாதா?

தண்ணீரைப் பார்த்தேன். நட்ட நடுவில், ஒவ்வோர் அடிக்கும், ஒரு வளையம் விரிந்தது.

டங்... வளையம்.

டங்... வளையம்.

பிறகு குரல். தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இல்லை. பக்கத்தில் குந்தியிருக்கிறவன் பேசுகிற மாதிரி. களைத்துப்போன குரல்.

"மாத்தாள் வந்துட்டானா..."

கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தேன்.

முழங்கால்வரை தண்ணீர்.

நான் நடக்கவில்லை. நடந்ததாக நினைவில்லை...

என் இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. விரல்கள் மூடியிருந்தன. கைக்குள் ஒன்றுமில்லை.

ஆனால் அதிர்ந்தது.

டங்... தோள்வரை அதிர்ந்தது.

டங்...

விரலைப் பிரிக்க முடியவில்லை.

"வராங்க," என்றேன். காந்திமதி சொன்ன அதே சொல். "வராங்கண்ணா... இருங்க."

சத்தம் நின்றது.

கை திறந்துகொண்டது.

ஓடினேன்.

மறுநாள் ரிப்போர்ட் எழுதினேன். எனக்குக் கேட்டதையும் ஒளிக்கவில்லை. நினைவாற்றல் சரி. சிந்தனை ஒழுங்காக இருக்கிறது. அவள் சொல்லும் சத்தம் எனக்கும் கேட்டது. சம்மட்டி ஆள் இரண்டு பேர் இருந்தார்கள் என்றால் கம்பி பிடித்தவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும். குட்டையை மூடுமுன் தண்ணீரை இறைத்துத் தேட வேண்டும். காந்திமதிக்குப் புத்தி சரியாகவே இருக்கிறது.

டாக்டர் ஐசக் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தாவீது, நீ கேட்டதை எழுதக்கூடாதுப்பா. அவ கேட்டதா சொன்னதைத்தான் எழுதணும்."

"எனக்கும் கேட்டுது சார்."

"கேட்டது நிஜம்னா நீ பேஷண்ட். பொய்னா நீ ரிசர்ச் பண்ண லாயக்கில்லை. இதுல எதை நான் யுனிவர்சிட்டிக்கு எழுதட்டும்?"

"கம்பி புடிக்க ஆள் இல்லாம எப்படி சார் குழி போடுவாங்க?"

"அது நம்ம சப்ஜெக்ட் இல்லை."

ஜன்னலுக்கு வெளியே மையத்தின் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கிட்டுவின் ஜல்லி மலைபோல் குவிந்திருந்தது. ஐசக் அதைப் பார்க்கவில்லை. நானும் அதைச் சொல்லவில்லை. அவரே வேறு ரிப்போர்ட் எழுதினார். செவிப் பிரமை, நீண்டகாலப் பராமரிப்பு தேவை. என் கையெழுத்து வேண்டும் என்றார். போடவில்லை. அவருடைய கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

வேன் வந்தது. அவள் என் கையைப் பார்த்தாள். விரல்கள் தாமாகவே பாதி மடங்கியிருந்தன.

"நீ புடிச்சியா?"

"ஒரு நிமிஷம்க்கா."

"மரத்துப்போச்சா?"

"ஆமா."

"ஒரு நிமிஷத்துக்கே. அவுரு ரெண்டு வருசமா புடிச்சிகினு கீறாரு." அப்புறம் கேட்டாள். "என் பொண்ண யாராச்சும் இட்டாந்து காட்டுவாங்களா?"

காட்டுவார்கள் என்றேன். யாரும் காட்டவில்லை. நான் கேட்கப் போனபோது, சொந்தக்காரர்கள் குழந்தையை ஆந்திரா பக்கம் கூட்டிப்போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அதோடு என் ஆராய்ச்சியும் முடிந்தது. பயிற்சிக்கு ஏற்ற மனநிலை இல்லை என்று என் கோப்பில் எழுதினார்கள். குப்புராஜ், தனசிங் குடும்பத்தார் போட்ட நஷ்டஈட்டு வழக்கு நடந்துகொண்டிருந்ததால் குட்டையை மட்டும் மூட முடியவில்லை. நான் குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குப் போனேன்.

1993 கோடை. எங்கும் தண்ணீர்ப் பஞ்சம். டேங்கர் லாரிக்காரர்கள் கீழ்க்கட்டளைக் குட்டையில் மோட்டார் வைத்து இறைத்தார்கள். அடி தெரிந்தபோது பாறையில் ஒரு கம்பி செங்குத்தாக நின்றிருந்தது. பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு. கம்பியைப் பிடித்தபடி இல்லை. நாலு முழம் தள்ளி, ஒருக்களித்து, ஒரு கையைத் தலைக்கு வைத்து... வேலை முடிந்து படுத்தவன் மாதிரி. நானே போய்ப் பார்த்தேன். இடுப்பு அரைஞாண் கயிற்றில் ஒரு தாயத்து. அடையாளம் தெரியாத ஆண் என்று எழுதினார்கள். கிட்டு, எங்க ஆள் இல்லை என்றார்.

அந்தத் தாயத்தைப் பற்றிக் காந்திமதியிடம் கேட்டால் தெரியும். செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

காப்பகத்தில் பேபி என்றொரு ஆயாம்மாதான் பேசினாள். மற்றவர்கள் பதிவேட்டைப் பார்க்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"காந்திமதியா? போன மார்கழில செத்துப்போச்சு சார். நீங்க அதுக்கு இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். தெரிஞ்சவன்."

"நல்ல பொம்பள. இங்க வந்த மூணாம் நாளே கைய இப்டி வச்சிகினு தரையில குந்திக்கிச்சு. இன்னாடின்னு கேட்டா, நான் புடிச்சிக்கினேன், அவுரு போயி படுக்கட்டும்னு சொல்லிச்சு. சாவுற வரைக்கும் அப்டிதான். உள்ளங்கை தோலெல்லாம் உரிஞ்சி... எலும்பு தெரிஞ்சிது சார். தானே கிழிச்சிக்கிச்சுன்னு டாக்டரு எழுதிட்டாரு."

அவள் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அழைத்துப் போனாள். கடைசிக் கட்டில். பேபி அதை நகர்த்தினாள்.

சிமெண்ட் தரையில் ஒரு குழி. கைமுஷ்டி போகிற அகலம்.

"நாலு தபா பூசியாச்சு. காலையில பாத்தா தொறந்துகினு கீது."

அந்த வார்டில் இரும்பே கிடையாது. கட்டில்கூட மரம்.

மண்டியிட்டுக் கையை விட்டேன். முழங்கை போனது. தோள்வரை போனது. அடி தட்டவில்லை.

கையை எடுத்தேன். விரலில் சாம்பல் நிறத்தில் மாவு. முகர்ந்து பார்த்தேன். கருங்கல்.

"இது ஏரியைத் தூத்துக் கட்டின கட்டடம் சார்," என்றாள் பேபி. "எழுவது அடி போர் போட்டாங்க. களிமண்ணுதான். பாறையே கெடையாது."

"அவ செத்து ஆறு மாசம் ஆவுதே. இப்ப இந்தக் கட்டில்ல யாரு?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் படுக்க மாட்டேன்றாங்க." அவள் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நான்தான் சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் குந்துவேன். கைய வுட்டா அடி யாரு மேலயாச்சும் வுழுமே சார். நீங்க கெளம்புங்க, மணி ஆவுது."

கிளம்பினேன். கேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் அவளைத் தேடி மறுபடி போனபோது, பேபி என்று ஓர் ஆள் வேலையில் இருந்ததே இல்லை என்று சொன்னார்கள். சம்பளப் பட்டியலில் அப்படி ஒரு பெயர் கிடையாதாம்.

இப்போதும் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேப்பரில் அந்தக் காப்பகத்தின் விளம்பரம் வருகிறது. பெண் ஆள் ஒருவர் உடனே தேவை. படிப்பு வேண்டாம். மாலை நேரம் மட்டும்.

என்ன வேலை என்று போடுவதில்லை.