இடது கையின் இரைச்சல்

கொதிக்கிற தேங்காய் எண்ணெயில் உப்புத் தண்ணீர் ஊற்றுவது என் தொழில். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். உருளியில் நேந்திரங்காய்ச் சீவல் பாதி வெந்து, ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கத் தொடங்கும்போது, மஞ்சள் கரைத்த உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி விடவேண்டும். உருளி சீறும். நுரை விளிம்புவரை வந்து எட்டிப்பார்த்துவிட்டு இறங்கும். அந்தச் சீறலில் தெறிப்பதெல்லாம் கையில்தான் விழும். மட்டாஞ்சேரி பஜாரில், அரிசி மண்டிகளுக்குப் பின்பக்கம் இருக்கிறது எங்கள் சிப்ஸ் கடை. அங்கே அடுப்படியில் நின்ற ஒவ்வொருவருடைய முழங்கைக்குக் கீழும் பொட்டுப் பொட்டாக வடு. கறுத்தது, வெளுத்தது, இன்னும் நிறம் தெரியாமல் கொப்பளித்து நிற்பது. என் கைகளில் விழுந்ததை, கவிதை எழுதும் என் நோட்டில், நான் தூறல் என்று எழுதி வைத்திருந்தேன். அப்போது எதையும் அப்படி எழுத முடிந்தது.

பிறகு சிறுநீரகங்கள் கைவிட்டன. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது மணிக்கட்டில் ஒரு தமனியையும் ஒரு ரத்த நரம்பையும் சேர்த்துத் தைத்தார்கள். தோலுக்கடியில் நரம்பு புடைத்து, முறுக்கிய கயிறுபோல ஓடிற்று. தொட்டால் அதிர்ந்தது. காதை வைத்தால் இரைந்தது. இனி உன் உயிர் போய்வருகிற வழி இதுதான் என்றார் டாக்டர். இந்தக் கையில் கடிகாரம் கட்டாதே, பாரம் தூக்காதே, இதன்மேல் படுக்காதே, சூடு படவே கூடாது. இரைச்சல் நின்றால் அந்த நிமிடமே ஓடி வா.

என் மனைவி காலையில் சாயா குடிப்பதற்கு முன்னால் அந்தக் கையை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். படகுத்துறைக்குத் தூரத்திலிருந்து வருகிற போட்டின் எஞ்சின் மாதிரிதான் எனக்கு அது கேட்கும். அவளுக்கு எப்படிக் கேட்டதோ, சொன்னதில்லை. "ஓடுது" என்பாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விடியும்.

அடுப்பை விட முடியவில்லை. பாக்கெட் போடுகிற இடத்தில் உட்காருகிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன். அங்கே ஆள் நிறைய, அடுப்புக்குத்தான் ஆளில்லை என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அதனால் கைக்கு ஒரு உறை வேண்டியிருந்தது. நைட்டி தைத்துக் கொடுக்கிற என் மனைவி, ஒடிந்த குடையின் துணியில் முதலில் ஒன்று தைத்தாள். என்னோடு அடுப்பில் நிற்கிற அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தார். நைலான் உருகினால் தோலோடு போய்விடும் என்றார். அவள் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரட்டையாக மடித்து இன்னொன்று தைத்தாள். அதில் எண்ணெய் ஏறவில்லை. ஆனால் கையைத் தாழ்த்தும்போதெல்லாம் சரிந்து மணிக்கட்டுக்கு வந்தது.

உறை சரிவதற்கு எங்கள் கடையில் ஒரு வைத்தியம் உண்டு. பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கி, உறையின் மேல்வாயில் மாட்டிவிடுவது. எல்லோரும் மாட்டுவதுதான். அண்ணாச்சி என் முழங்கைக்கு மேல் ஒன்றை ஏற்றிவிட்டு, தள்ளி நின்று பார்த்தார்.

"இனி எறங்காது. கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கேடே."

டாக்டர் சொன்ன அன்றே கடிகாரத்தைக் கழற்றியிருந்தேன். ரப்பர் வளையத்தைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்கோ அவருக்கோ தோன்றவில்லை. ஒன்று மணிக்கட்டில், தோலின்மேல். மற்றது மேலே, துணியின்மேல். சூட்டிலிருந்து காக்க வந்தது.

ஓணம் நெருங்கிற்று. ஓணத்துக்கு முந்தைய வாரம் எங்கள் கடையில் யாரும் உட்காருவதில்லை. விடியலில் மாட்டிய வளையம் இருட்டும்வரை கையிலேயே இருந்தது. விரல்கள் வீங்கின. வெக்கை என்றேன். அண்ணாச்சியும் வெக்கை என்றுதான் சொன்னார், அவர் விரல்களும் வீங்கித்தான் இருந்தன.

திருவோணத்தன்று காலை என் மனைவி கையை எடுத்தாள். காதில் வைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். பக்கத்து வீட்டில் பாயசத்துக்குத் தேங்காய் அரைக்கிற மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை காத்திருந்து மறுபடி வைத்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை. கையில் அவள் மூச்சு மட்டும் பட்டுக்கொண்டிருந்தது.

"ஏங்க, கேக்கலையே."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேல் ஒரு பள்ளம், வளையல் போட்டுக் கழற்றியதுபோல. "சேட்டா, இவிடெ எந்தா கெட்டியது?" என்று கேட்டாள். அண்ணா, இங்கே என்ன கட்டினீர்கள் என்று. பதில் சொன்னது என் மனைவிதான், மலையாளத்தில், தன் கையைப் பிசைந்தபடி. ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது, திறக்கப் பார்க்கிறோம் என்றார்கள். திறக்கவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றார்.

"நாந்தானடே மாட்டிவிட்டேன்."

நான் கையை நீட்டிக் காட்டினேன். உறை போட்ட நாள் முதல் அதில் ஒரு பொட்டு எண்ணெய் விழவில்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை பாருங்க என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன், ஆனால் வாயிலிருந்து வெளியே வந்தபோது அது வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் கீழே இறங்கிப்போய் இரண்டு சாயா வாங்கிவந்தார். அளந்துதான் நான் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பது அவருக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. இரண்டையும் அவரே, ஒன்றன்பின் ஒன்றாக, நின்றபடி குடித்தார்.

அடுத்த வழியை வலது கையில் வெட்டினார்கள். தூறல் நிறைய விழுந்த கை. வடுக்களுக்கு நடுவே நரம்பைத் தேடி, மணிக்கட்டை விட்டு முழங்கை மடிப்புவரை ஏறினார் டாக்டர். அது தேறி ஊசி தாங்கும்வரை டயாலிசிஸ் கழுத்தில் போட்ட குழாய் வழியாக. இது போனால் என்று நான் தொடங்கியதும், இதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று முடித்துவிட்டார்.

இப்போது மறுபடி அடுப்பில் நிற்கிறேன். சீவலை அரிக்கும் சல்லிக்கரண்டி இடது கைக்கு மாறிவிட்டது. கிண்டுவது கோணலாகத்தான் இருக்கிறது. வலது கைக்கு என் மனைவி புது உறை தைத்திருக்கிறாள். ரப்பர் இல்லை, நாடா இல்லை. தோள்வரை ஏறி, முதுகுப் பக்கமாகப் போய் மறு தோளில் பொத்தான் போட்டுத் தொங்குகிறது. நான் புறப்படும்போது அதன் வாயில் இரண்டு விரலை விட்டுச் சுற்றிப் பார்க்கிறாள். என் உருளிக்கு உப்புத் தண்ணீர் விடுவது அண்ணாச்சி. தன் அடுப்பை விட்டுவிட்டு ஒவ்வொரு ஈட்டுக்கும் வருகிறார். கூப்பிட வேண்டியதில்லை. வந்து, என்னை ஒரு அடி பின்னால் தள்ளிவிட்டு, ஊற்றுகிறார். அவர் கையில் இப்போது உறை கிடையாது. சைக்கிள் டியூபைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை.

காலையில் என் மனைவி பழக்கத்தில் இடது கையைத்தான் எடுக்கிறாள். காதருகே கொண்டுபோன பிறகுதான் நினைவு வருகிறது. அதில் புதுப் பொட்டுகள் விழத் தொடங்கிவிட்டன. அவற்றின்மேல் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டிவிட்டு, கையை என் மடியில் திரும்ப வைக்கிறாள். பிறகு மறுபக்கம் சுற்றி வந்து உட்கார்ந்து, வலது கையைக் காதில் வைத்துக் கேட்கிறாள். முன்னைவிட நேரமெடுத்துக் கேட்கிறாள். சாயா ஆறிப்போகிறது.