முட்டுகளைப் பிரிக்கச் சொன்னது நான்தான்

சில வருடங்களுக்கு முன் செவிலிமேட்டில் வீடு கட்டினோம். கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. வாசல் சன்ஷேடுக்குக் கான்கிரீட் போட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அடியில் முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கழிகளைப் பிரித்தால்தான் பூச்சு வேலை நடக்கும்.

"இன்னும் பத்து நாளாவது போவட்டும் டீச்சரம்மா. உள்ள ஈரமா இருக்குது" என்றார் மேஸ்திரி ஏழுமலை.

"அவ்வளவு நாள் இல்லைங்க. இன்னிக்கே பிரிச்சுடுங்க" என்றேன் கறாராக.

அரை மனதோடு பிரித்தார். சித்தாள் கன்னியம்மா கழிகளை எடுக்கக் குனிந்தபோது சன்ஷேடு பெயர்ந்து அவள்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள்.

சாவு வீட்டில் அவள் கணவர், "யாருபா அதைப் பிரிக்கச் சொன்னது?" என்று கேட்டார். ஏழுமலை என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலைகுனிந்து நின்றார்.

"நான்தாங்க" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "டீச்சரம்மா வீடு முடியப்போவுதுன்னு காலையில சந்தோசமா கிளம்புனாளேம்மா" என்று கதறினார்.

இப்போது தங்கை ஓரிக்கையில் வீடு கட்டுகிறாள். வேலை முடிந்தது என்று மேஸ்திரி சொன்ன பிறகே கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முட்டுப் பிரிக்கும் நாட்களில் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அங்கே போய் நிற்கிறேன். அடியில் ஒருவரையும் போக விடுவதில்லை.